கழற்றி வைத்தவர்களின் கணக்கு

மெய்நிகர் சூழல்களைப் பற்றிய ஆய்வேடுகளில் பயனர் சோதனைக்கென்று ஓர் இயல் தவறாமல் இடம்பெறும். எத்தனை பேர் பங்கேற்றனர், எந்த ஹெட்செட் பயன்படுத்தப்பட்டது, எந்தெந்த வினாநிரல்கள் வழங்கப்பட்டன, சராசரி எவ்வளவு, திட்ட விலக்கம் எவ்வளவு என்பனவெல்லாம் அதில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். அந்த ஒழுங்கின் நடுவே, பங்கேற்பாளர்களை அறிமுகப்படுத்தும் பத்தியின் கடைசியில், ஒரு வரி வந்து போகும்: உடல் அசௌகரியம் காரணமாக இடையில் விலகியவர்களின் தரவு பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை.

நெறியாளரும் அந்த வரியில் நிற்பதில்லை, புறத்தேர்வாளரும் நிற்பதில்லை. வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் முறை குறித்துக் கேள்வி வரும். கூறளவு குறித்துக் கேள்வி வரும். விலகியவர்கள் யார், எத்தனையாவது நிமிடத்தில் விலகினர், அப்போது அவர்கள் கண்முன் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஆனால் அந்த இயலில் கண்டறியப்பட்டவற்றுள் மிக முக்கியமானது அந்த ஒற்றை வரிக்குள்தான் புதைந்து கிடக்கிறது. ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தவர், வடிவமைப்பைப் பற்றிய மிகத் தெளிவான தீர்ப்பை வழங்கிவிட்டுச் செல்கிறார். அத்தீர்ப்பைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு எஞ்சியோரின் சராசரியைக் கணக்கிடுவது சோதனை ஆகாது.

பிற இடைமுகங்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கு உண்டு. ஓர் இணையதளத்தின் பொத்தான் தவறான இடத்தில் இருந்தால் பயனருக்கு எரிச்சல் வரும். சிறிது நேரம் வீணாகும். மெய்நிகர் சூழலில் நகர்வு முறை தவறாக அமைந்தால் பயனருக்குக் குமட்டல் வரும். 1968ஆம் ஆண்டு ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய தலையணித் திரை, கூரையிலிருந்து தொங்கும் இயந்திரக் கையோடு பிணைக்கப்பட்டிருந்தது. தலை திரும்பும் திசையை அந்தக் கை அளந்தது. அதற்கேற்பக் காட்சி மாறியது. இன்று அந்த இயந்திரக் கை மறைந்து, அதன் இடத்தில் உணரிகளும் கேமராக்களும் வந்துவிட்டன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. பயனரின் தலையும் கையும் கண்ணும் காதின் உட்பகுதியிலுள்ள சமநிலை உறுப்பும் இடைமுகத்தின் உறுப்புகளாகவே இயங்குகின்றன. கண்ட்ரோலரின் குமிழைத் தள்ளி ஒருவர் மெய்நிகர் தாழ்வாரத்தில் நடக்கும்போது, உடல் நகர்வதாகக் கண் சொல்கிறது. நகரவில்லை என்று உட்செவி சொல்கிறது. இந்த முரண்பாடே தலைசுற்றலுக்கான முதன்மைக் காரணமாகப் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே இத்துறையில் வடிவமைப்புப் பிழை திரையோடு நின்றுவிடுவதில்லை. பயனரின் உடலில் போய் இறங்குகிறது.

விலகுவோர் தற்செயலாக விலகுவதில்லை என்பதே அடுத்துக் கருத வேண்டியது. கே ஸ்டானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதில் கவனத்துக்குரியது. மெய்நிகர் சூழலில் பெண்களுக்கே தலைசுற்றல் மிகுதி என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வந்தது. பெண் உடலின் இயல்பே காரணம் என்பது போன்ற விளக்கங்களும் கூறப்பட்டன. அவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம் இரு கண்மணிகளுக்கும் இடையேயுள்ள தூரத்துக்கு ஹெட்செட் பொருந்தாமைதான் என்று அந்த ஆய்வு காட்டியது. இந்தியக் கல்லூரிகளிலும் பழக்கமான குவெஸ்ட் 2 கருவியில் வில்லைகளுக்கு இடையேயான தூரத்தை 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற 3 நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். 58க்குக் கீழே கண்மணித் தூரம் உடைய ஒருவருக்கு அக்கருவியில் சரியான நிலை என்று ஒன்று கிடையாது. அவர் விலகினால், கருவி அவருக்குப் பொருந்தவில்லை என்பதே பொருள். ஆய்வேட்டிலோ அவருடைய உடல்தான் சோதனைக்குப் பொருந்தாததாகப் பதிவாகிறது.

கண்மணித் தூரம் ஒன்று மட்டுமன்று. தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடியை ஹெட்செட்டுக்குள் திணிக்க முடியாமல் கண்ணாடியின்றியே காட்சியைப் பார்ப்பவர் உண்டு. பின்னலோ கொண்டையோ இருப்பதால் பட்டையை இறுக்க இயலாமல், நழுவும் ஹெட்செட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டே பணியை முடிப்பவர் உண்டு. புடைவைத் தலைப்பைக் கவனித்தவாறே கையை நீட்ட வேண்டியிருப்பவர் உண்டு. இவர்களுடைய பணி முடிப்பு நேரம் கூடும், பிழை கூடும், சிலர் பாதியில் நிறுத்திவிடுவர். ஆய்வகத்தில் எளிதில் கிடைக்கும் பங்கேற்பாளர் பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கும், கணினி விளையாட்டுப் பழக்கமுள்ள பொறியியல் மாணவர். அவருக்கு இத்தொல்லைகளில் ஒன்றும் இராது. வடிவமைப்பு அவரை அளவாகக் கொண்டே உருவாகிறது. சோதனையும் அவரைக் கொண்டே வெற்றி பெறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 30 பேர் பங்கேற்கின்றனர் என்று கொள்வோம்: 18 ஆண்கள், 12 பெண்கள். இடையில் 6 பேர் விலகுகின்றனர். அவர்களில் 5 பேர் பெண்கள். எஞ்சிய 24 பேரின் தலைசுற்றல் மதிப்பெண் குறைவாகவே இருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று புள்ளியியல் சோதனை கூறுகிறது. அந்த முடிவில் எண் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது எஞ்சி நின்ற 7 பெண்களைப் பற்றிய முடிவு. ஆண்களில் 18க்கு 1, பெண்களில் 12க்கு 5 என்ற விலகல் விகிதமே அந்தச் சோதனை கண்டறிந்த உண்மை. அட்டவணையில் அது இல்லை.

விலகலைத் தரவாகக் கருதியவர்களால்தான் இத்துறை முன்னேறியிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஜாய் பெர்னாண்டஸ், ஸ்டீவன் பைனர் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பயனர் மெய்நிகர் சூழலில் நகரும்போது மட்டும் பார்வைப் புலத்தின் விளிம்புகளை மெல்லச் சுருக்கிக் காட்டினர். அவ்வாறு சுருக்கியபோது பங்கேற்பாளர்கள் கூடுதல் நேரம் உள்ளே இருக்க முடிந்தது, அசௌகரியமும் குறைந்தது. எவ்வளவு நேரம் தங்க முடிகிறது என்பதே அங்கு ஓர் அளவுகோலாக இருந்தது. சீராக நடப்பதற்கு மாற்றாக, குறித்த இடத்துக்கு ஒரே பாய்ச்சலில் செல்லும் முறை இன்று பரவலாகியிருப்பதற்கும், தொடர்ச்சியாகச் சுழலாமல் படிப்படியாகத் திரும்பும் முறை விருப்பத் தேர்வாக வழங்கப்படுவதற்கும், உட்கார முடியாமல் எழுந்தவர்களைக் கவனித்ததே காரணம்.

எழுந்து செல்லாமல் இருந்தவர்களின் சொல்லையும் அப்படியே ஏற்பதற்கில்லை. பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வு இதற்குச் சான்று. நிக்கோலா டெல் உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட அந்த ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களையும் ஆட்டோ ஓட்டுநர்களையும் கொண்டு 450 நேர்காணல்கள் நடத்தப்பட்டன. வேறுபாடே இல்லாத இரண்டு செயலிகளில், நேர்காணல் செய்பவர் உருவாக்கியது என்று கருதப்பட்டதை மக்கள் ஏறத்தாழ 2.5 மடங்கு கூடுதலாக விரும்பினர். நேர்காணல் செய்பவர் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு வந்த வெளிநாட்டவராக இருந்தபோது அது 5 மடங்காயிற்று. அவருடையதை வேண்டுமென்றே தரம் குறைத்துக் காட்டியபோதும் அதையே விரும்பினர். எதிரில் அமர்ந்திருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற பண்பு வீட்டில் நல்ல பண்பு. சோதனைக் கூடத்தில் அது தரவைத் திரித்துவிடுகிறது.

இப்போது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தை எண்ணிப் பார்க்கலாம். பங்கேற்பவர் இரண்டாம் ஆண்டு மாணவி. சோதனை நடத்துபவர் அவளுக்குப் பாடமும் எடுக்கும் ஆய்வு மாணவர். அவள் அவரை அண்ணா என்றோ சார் என்றோ அழைக்கிறாள். அவருடைய நெறியாளரின் கையில் அவளுடைய அகமதிப்பீட்டு மதிப்பெண் இருக்கிறது. 10 கூற்றுகள் அடங்கிய பயன்பாட்டு எளிமை அளவுகோல் அவள்முன் வைக்கப்படுகிறது. 1986இல் ஜான் புரூக் அலுவலகக் கணினி அமைப்புகளை விரைவாக மதிப்பிடுவதற்கென உருவாக்கிய அளவுகோல் அது. இந்த அமைப்பைப் பயன்படுத்துவது எளிது என்ற கூற்றுக்கு எதிரே அவள் எதைக் குறிப்பாள் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. தலைசுற்றுகிறது, நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்வதற்கும் அவளுக்குத் துணிவு வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், அதிகாரப் படிநிலையில் கீழே இருப்போரின் சம்மதம் குறித்துக் கூடுதல் கவனம் கோருகின்றன. மருத்துவத்துக்காக எழுதப்பட்ட அந்த அக்கறை, உடலைத் தொடும் இந்தக் கணினித் துறைக்கும் பொருந்தும்.

கேள்வி கேட்கப்படும் மொழியும் தனிச் சிக்கல். தலைசுற்றலை அளக்க உலகெங்கும் பயன்படும் வினாநிரலை ராபர்ட் கென்னடியும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்டனர். அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சிக் கருவிகளில் அமர்ந்தவர்களிடம் திரட்டிய தரவிலிருந்து அது பிறந்தது. 16 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிலைகள், அவற்றிலிருந்து குமட்டல், கண் சோர்வு, திசை மயக்கம் என 3 உட்பிரிவுகளின் மதிப்பெண். அந்தப் பட்டியலில் கண் திறந்திருக்கையில் தலைசுற்றல், கண் மூடியிருக்கையில் தலைசுற்றல், சுற்றுப்புறமே சுழல்வது போன்ற உணர்வு, தலை கனத்தல், வயிற்றில் ஏதோ இருப்பது போன்ற உணர்வு ஆகியவை தனித்தனி வரிகள். தமிழ் பேசும் ஒருவர் தம் உடலை இப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. தலை சுற்றுகிறது என்பார். கிறுகிறுப்பாக இருக்கிறது என்பார். மயக்கம் வருகிறது என்பார். மயக்கம் என்ற ஒரு சொல் தலைசுற்றலையும் சுட்டும், நினைவிழத்தலையும் சுட்டும், சிலர் வாயில் சோர்வையும் சுட்டும். இவற்றையெல்லாம் விட அடிக்கடி அவர் சொல்வது ஒரு மாதிரியாக இருக்கிறது என்பதே. ஒரு மாதிரி என்பதற்கு வினாநிரலில் கட்டம் இல்லை. சோதனை நடத்துபவர் அதைப் பொதுவான அசௌகரியம் என்ற வரியில் குறித்தால் குமட்டல், கண் சோர்வு என இரண்டு உட்பிரிவுகளின் மதிப்பெண் ஏறும். தலைசுற்றல் என்ற வரியில் குறித்தால் வேறோர் உட்பிரிவின் மதிப்பெண் ஏறும். மொழிபெயர்ப்பில் எடுக்கப்படும் ஒரு சொல் முடிவு, ஆய்வின் முடிவையே திசை மாற்றிவிடக் கூடும். இந்தியும் வங்கமும் மலையாளமும் பேசுவோரிடமும் உடல்நிலையைச் சொல்லும் சொற்கள் அந்தந்த மொழிக்கே உரியவை. ஆங்கில வினாநிரலை அப்படியே கொடுத்து, புரியாதவற்றை வாய்மொழியாக விளக்கிவிட்டோம் என்று எழுதுவது அளவீடு ஆகாது.

வியர்வையும் அந்த 16 அறிகுறிகளில் ஒன்று. சித்திரை மாதத்தில், குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில், ஒலிப்பதிவுக்காக மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நடத்தப்படும் சோதனையில் பங்கேற்பாளர் வியர்ப்பது எதை உணர்த்துகிறது? முன்னரே ஒரு முறை அளந்திருந்தாலன்றி அந்த வரி வானிலையை அளக்கிறதா, மெய்நிகர் சூழலை அளக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை.

எதைக் கேட்டாலும் எண் கிடைக்கும் என்பதே வினாநிரலின் ஆபத்து. மெய்நிகர் சூழலில் உண்மையிலேயே அங்கே இருப்பது போன்ற உணர்வை ஆராய்ந்து வருபவர் மெல் ஸ்லேட்டர். அவர் 2004இல் நேற்றைய நாளின் வண்ணத்தன்மை என்ற கற்பனையான பண்பு ஒன்றைப் புனைந்து, அதை அளக்க வினாநிரல் அமைத்துக் காட்டினார். அந்தப் பண்பு இருப்பதாகவே எண்ண வைக்கும் புள்ளியியல் தொடர்புகள் அதிலிருந்தும் கிடைத்தன. வினாநிரலே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வினாநிரல் மட்டுமே சான்றாக நிற்கும் சோதனை மிக மெல்லிய தரையில் நிற்கிறது.

இத்தகைய விமர்சனங்களுக்கு ஆய்வகங்கள் கூறும் மறுமொழிகளில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆராய்ச்சி மாணவருக்குக் காலக்கெடு உண்டு. உதவித்தொகை நிற்கும் நாள் உண்டு. துறையில் 2 ஹெட்செட்கள் இருந்தால் அதுவே பெரிது. வெளியாரை அழைத்தால் பயணப்படி கொடுக்கப் பணம் இல்லை. உருவாக்கியது முன்மாதிரிதான், 5 பயனர்கள் போதும் என்று ஜேக்கப் நீல்சனே எழுதியிருக்கிறாரே என்பார்கள். அந்த 5 பேர் கணக்கு, வடிவமைப்பின் குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்தி, மீண்டும் 5 பேரிடம் காட்டும் சிறு சுற்றுகளுக்காகச் சொல்லப்பட்டது. இந்த முறை அந்த முறையை விடச் சிறந்தது என்று நிறுவுவதற்காகச் சொல்லப்பட்டதன்று. குறை காணும் சோதனை வேறு; நிறுவும் சோதனை வேறு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதன் மொழியில் எழுதுவதே இங்குள்ள கோளாறு.

பழகப் பழகத் தலைசுற்றல் குறைந்துவிடும் என்ற மறுமொழியும் உண்டு. பலருக்கு அது உண்மை. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது? ஹெட்செட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர் நாள்தோறும் 10 நிமிடம் பழகலாம். ஒரு வகுப்புக்கே ஒரு கருவி உள்ள அரசுக் கல்லூரியில், வரிசையில் நின்று ஆண்டுக்கு ஒரு முறை அணிபவருக்கு முதல் முறையே கடைசி முறையும் ஆகலாம். பயிற்சி, மருத்துவம், கல்வி என்று மெய்நிகர் சூழல்களை நாடு முழுவதும் கொண்டுசெல்ல விரும்புவோர் சோதிக்க வேண்டியது அந்த முதல் 10 நிமிடத்தைத்தான்.

நல்ல சோதனைக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. ஏல் பல்கலைக்கழகத்தின் நீல் சீமூர் உள்ளிட்டோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் 16 பேர் மட்டுமே. அவர்கள் அறுவை மருத்துவப் பயிற்சியில் இருந்த மருத்துவர்கள். ஒரு பகுதியினருக்கு லேப்பராஸ்கோப்பி அறுவைக்கான மெய்நிகர் பயிற்சி அளிக்கப்பட்டது. அது ஹெட்செட் இல்லாமல், திரையும் அறுவைக் கருவிப் பிடிகளும் கொண்ட பயிற்சிக் கருவி. மற்றவர்களுக்கு வழக்கமான பயிற்சி மட்டும். பின்னர் இரு சாராரும் உண்மையான நோயாளியின் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் அறுவையில் ஈடுபட்டனர். யார் எந்தப் பயிற்சி பெற்றவர் என்று அறியாத மருத்துவர்கள் காணொளிப் பதிவைப் பார்த்துப் பிழைகளை எண்ணினர். மெய்நிகர்ப் பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் விரைவாகப் பணியை முடித்தனர். பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ பிற திசுக்களைச் சுட்டுவிடவோ 5 மடங்கு வாய்ப்பு மிகுந்திருந்தது.

இந்த ஆய்வில் கற்க வேண்டியது எண்ணிக்கையன்று, கேள்வி. பயிற்சி உங்களுக்குப் பிடித்திருந்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. திரைக்கு வெளியே, வேறொருவரின் உடல்மீது, அந்தப் பயிற்சி என்ன செய்தது என்று கேட்டனர். பயன் இல்லை என்ற விடை வருவதற்கும் அந்தச் சோதனையில் இடம் இருந்தது. தோற்க முடியாத சோதனை எதையும் மெய்ப்பிப்பதில்லை.

ஆகவே பல்கலைக்கழகங்கள் மாற்ற வேண்டியவை சில உண்டு. அவற்றுள் பலவற்றுக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு பயனர் சோதனை இயலிலும் விலகியோர் அட்டவணை ஒன்று கட்டாயமாக வேண்டும். விலகியவரின் பாலினம், கண்மணித் தூரம், கண்ணாடி அணிபவரா, முன்பு ஹெட்செட் அணிந்தவரா, எத்தனையாவது நிமிடம், அப்போது எந்த நகர்வு முறை இயங்கியது, தம் உடல்நிலையைப் பற்றி அவர் தம் சொந்தச் சொற்களில் சொன்னது என்ன என்பன அதில் இருக்க வேண்டும். சோதனையை உருவாக்கியவரே நடத்தாமல், வேறொரு துறை மாணவர் நடத்தலாம். இரண்டு துறைகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டால் அதற்கும் பணம் தேவையில்லை. வினாநிரல்களைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் உருவாக்கிச் சரிபார்ப்பதை மொழித் துறைகளும் உளவியல் துறைகளும் சேர்ந்து செய்யலாம். அதுவே முனைவர் பட்டத்துக்குத் தகுதியான பணி. பங்கேற்பாளரை உடனே அனுப்பிவிடாமல் சிறிது நேரம் அமரவைத்து, நிலை தெளிந்த பின்னரே செல்லவிட வேண்டும். விமானப் பயிற்சிக் கருவியில் அமர்ந்தவரை உடனே பறக்க விடாத வழக்கம் ராணுவங்களில் உண்டு. இங்கே தலைசுற்றலோடு வெளியேறும் மாணவர் இருசக்கர வாகனத்தில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போகிறார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வடிவமைத்த முறை பயன்படவில்லை, இன்ன பயனருக்கு இன்ன காரணத்தால் பயன்படவில்லை என்று தெளிவாக நிறுவும் ஆய்வேட்டுக்கும் பட்டம் கிடைக்கும் என்ற உறுதி மாணவருக்கு வேண்டும். அந்த உறுதி இல்லாதவரை, விலகியவர்களை ஒரு வரியில் மறைப்பது அவருக்குத் தற்காப்பு. அதை வழங்க வேண்டியவர்கள் நெறியாளர்களும் தேர்வாளர்களும். அடுத்த வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் கேள்விகளுக்கு முன்பாக, விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் விலகினர் என்ற கேள்வி கேட்கப்பட்டால், அதற்கடுத்த ஆண்டின் ஆய்வேடுகளில் அந்த அட்டவணை தானாகவே இடம்பெறத் தொடங்கும்.